நான் கழுவச் சொன்ன ரத்தம்

1

போன சனிக்கிழமை இஞ்ச ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். மண்டபத்து வாசலில சப்பாத்தைக் கழற்றிப்போட்டு, நனைஞ்ச ஜக்கெற்றை எங்க கொழுவுறது எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். பின்னால வந்து ஒரு மனுசி தோளில தட்டினா. திருகோணமலைக்கு லீவில போட்டு வந்தவவாம். அந்த டிப்பர் லொறிக்காரனுக்கு அடி போட்ட அக்கா நீங்கதானே எண்டு கேட்டா. ஊரில இப்பவும் என்ர கதைதானாம். பக்கத்தில நிண்டவையும் திரும்பிப் பாத்துச் சிரிச்சினம்.

அந்த இடத்திலயே அவவுக்கும் ஒண்டு விட்டிருப்பன். கை எழும்பினது உண்மை. ஜக்கெற்றை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வெளியால போய், பஸ் வருமட்டும் மழைக்குள்ள நிண்டனான். கேக் வெட்ட முதலே வீட்ட வந்திட்டன்.

அந்த விபத்து நடந்து இண்டைக்குச் சரியா ஒரு வருசம். அதுதான் குசினி மேசையில இருந்து இதை எழுதுறன். நான் கெட்டிக்காரி எண்டு ஊரில கதைச்சுத் திரியிறவை தயவுசெய்து கடைசி மட்டும் வாசியுங்கோ. பாதியில எழும்பிப் போகாதேங்கோ.

என்னைத் தெரியாதவைக்குச் சொல்லுறன். நான் நோர்வேக்கு வந்து இருபத்தேழு வருசம். கடலும் மழையுமா ஒரு சின்னப் பட்டினம். வயசுபோனவையைப் பராமரிக்கிற இல்லம் ஒண்டில பத்தொன்பது வருசம் வேலை செய்தனான். குளிப்பாட்டுறது, உடுப்பு மாத்துறது, சாப்பாடு தீத்துறது. ஒரு கிழவி என்ர முகத்தில காறித் துப்பினவ. துடைச்சுப்போட்டு அவவுக்குச் சீப்பால தலை இழுத்து விட்டனான். இஞ்ச எனக்குப் பொறுமைசாலி எண்டுதான் பேர்.

ஒருக்கா கடை வாசலில ஒரு நோர்வேக் கிழவர் காரைப் பின்னுக்கு எடுத்து என்ர கதவைச் சப்பளிச்சுப் போட்டார். இறங்கி வந்து கை குடுத்துப் பேர் சொன்னார். இப்பிடி முட்டுப்பட்டால் ரெண்டு பேரும் சேர்ந்து நிரப்ப இஞ்ச ஒரு தாள் இருக்கு, எல்லாரும் காருக்குள்ள வைச்சிருப்பினம். பொனற்றில அதை விரிச்சுவைச்சு, எந்தக் கார் எங்க நிண்டது எண்டு ஆளுக்கொரு பக்கம் படம் கீறினம். எனக்கு ஒரு சொல் எழுத வரேல்லை. தன்ர பிழைதான் எண்டு அவரே என்ர பக்கத்தையும் எழுதித் தந்தார். கையெழுத்து வைச்சம், போனார். பத்து நிமிச வேலை. அண்டைக்கே ஊருக்குப் போன் எடுத்துத் தம்பிக்கு இதைப் பெருமையாச் சொன்னனான். உங்கட ஊரில எண்டால் அடிபாடுதான் எண்டு நக்கலும் அடிச்சனான். உங்கட ஊராம், கேட்டியளே.

2

தம்பி குகன் எனக்கு ஒன்பது வயசு இளமை. அம்மா வேலைக்குப் போறவ, இடுப்பில தூக்கி வளத்தது நான்தான். அவன் ஒரு கார் வைச்சு ஹயர் ஓடினவன். நிலாவெளிக்கு வாற வெள்ளைக்காரரை ஏத்தி இறக்கிறது. மனுசியும் ரெண்டு பிள்ளையளும் சாப்பிட்டது அந்தக் காராலதான்.

போன வருசம் லீவுக்கு நானும் மகள் அபியும் போனனாங்கள். அபிக்குப் பத்தொன்பது வயசு. தமிழ் முழுக்க விளங்கும், கதைக்கிறது எண்ணி எண்ணித்தான். என்னோட எந்தப் பாசையிலயும் எண்ணி எண்ணித்தான் கதைப்பாள். மாமா குகனோட மட்டும் பிழை பிழையா வாய் ஓயாமல் கதைப்பாள்.

போய் ஐஞ்சாம் நாள் காலமை பத்து மணி இருக்கும். கன்னியாயில வெந்நீர்க் கிணறு காட்ட எண்டு தம்பி எங்களை ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டான். உட்துறைமுக வீதியால போறம். முன் சீற்றில அபி, யன்னலுக்கு வெளியால போனைப் பிடிச்சுத் துறைமுகத்தை வீடியோ எடுக்கிறாள். நான் பின்னால. தம்பி ஏதோ பகிடி சொல்லிப்போட்டுத் தானே சிரிக்கிறான்.

பேந்து அந்தச் சத்தம். கார் சுத்திப்போய் நிண்டுது. என்ர வாய்க்குள்ள கண்ணாடித் தூள். நிமிர்ந்து பாத்தால் முன்னால ஒரு டிப்பர், எங்கட காரின்ர மூஞ்சையில ஏறி நிக்குது. தம்பி இருந்த வலப்பக்கம் முழுக்க உள்ளுக்கு வந்திட்டுது. அவன் கத்தேல்லை. தொடையில இருந்து ரத்தம் துள்ளித் துள்ளிப் பாயுது.

அடுத்தது எனக்குத் தெரிஞ்சது, சேட்டுப் போடாத ஒருத்தன் தம்பியின்ர கதவைப் பிடுங்கித் திறந்து அவனுக்கு மேல கவிழ்ந்து நிக்கிறான். டிப்பர்காரன் எண்டு விளங்கினது. வேற ஒண்டும் விளங்கேல்லை. என்ர கையில நோர்வேயில இருந்து கொண்டுபோன எவர்சில்வர் தண்ணிப் போத்தில், முட்டத் தண்ணியோட. இறங்கி ஓடி அவன்ர தலைமயிரைப் பிடிச்சு இழுத்தன். அவன் அசையேல்லை. தம்பியில இருந்து கையை எடுக்கமாட்டன் எண்டு நிக்கிறான். அந்தக் கையில அடிச்சன். விரல்களில. திருப்பித் திருப்பி அதே விரல்களில. எலும்பு உடைஞ்சது போத்திலுக்குள்ளால என்ர கைக்குத் தெரிஞ்சது. பிறகு முகத்தில. அவன் ரோட்டில விழுந்தாப் பிறகும் குனிஞ்சு நிண்டு அடிச்சனான். நாயே எண்டு தொடங்கி வாயில வந்த தூசணம் முழுக்கச் சொன்னனான். இருபத்தேழு வருசமா ஒரு தூசணமும் பேசாத வாய், ஒண்டையும் மறக்கேல்லை.

அதுக்குள்ள சனம் கூடிட்டுது. ஆரோ அவன்ர பேரையும் ஊரையும் கேட்டினம். றபீக் எண்டான், தோப்பூர் எண்டான். அதுக்குப் பிறகு அடி கூடினது. இதை எழுத வெக்கமாக் கிடக்கு, எழுதாமல் விட்டால் இன்னும் வெக்கம். எங்கட பக்கத்தில எந்தச் சனம் கூடினாலும் பேரைக் கேட்டுப்போட்டுத்தான் கையை ஓங்கும். தெரியாத மாதிரி நடிக்காதேங்கோ. கால் எத்தினை அவன்ர விலாவில விழுந்தது எண்டு எனக்குத் தெரியாது. பொலிஸ் வந்துதான் இழுத்து எடுத்தது.

ஒரு ஓட்டோக்காரர்தான் தம்பியைத் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு விட்டடிச்சார். பின்னேரம் முழங்காலுக்கு மேல காலை எடுத்தினம். எலும்பு நொருங்கிப்போச்சு, ரத்தமும் கனக்கப் போட்டுது எண்டு டாக்குத்தர் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாங்கில இருக்கேக்க என்ர மண்டைக்குள்ள ஒரே ஒரு நினைப்பு. நான் வளத்த பிள்ளையின்ர ரத்தம் ரோட்டில கிடக்குது. நாய் நக்கும், லொறி மிதிச்சுக்கொண்டு போகும். அது கூடாது. எங்கட ஆக்களுக்கு அது சகிக்க ஏலாது. தம்பி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் எடுத்து, இப்பவே போய்க் கழுவுங்கோ எண்டு கத்தினன். பாவம், அந்த மனுசன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடினது. வாளி வாளியாத் தண்ணி ஊத்தி, மஞ்சள் கரைச்சுத் தெளிச்சு, தேங்காய் உடைச்சு, கண்ணாடித் துண்டெல்லாம் கூட்டிச் சாக்கில அள்ளிப்போட்டினம். இடைஞ்சலாக் கிடக்கெண்டு காரையும் டிப்பரையும் கரைக்கு இழுத்தும் விட்டினம். அளக்கிறதுக்குப் பொலிஸ் திரும்பி வரேக்க ரோட்டு மஞ்சளாப் பளிச்செண்டு கிடந்ததாம். எல்லாம் வடிவாச் செய்தாச்சு அக்கா எண்டு அவர் போனில சொன்னார். நான் நன்றி சொன்னனான்.

3

டிப்பர் முதலாளி மூண்டாம் நாளே ஆள் விட்டுச் சொல்லிப்போட்டார். கார்தான் கோட்டைத் தாண்டி வந்ததாம், தன்ர சாரதியில பிழை இல்லையாம். அப்பிடியெண்டால் அந்த டிப்பரின்ர இன்சூரன்ஸ் தம்பியின்ர காலுக்கு ஒண்டும் தராது. டிப்பர்தான் எங்கட பக்கம் வந்து இடிச்சது எண்டு நாங்கள் காட்டவேணும். கார் போச்சு, கால் போச்சு, இது இல்லையெண்டால் அந்தக் குடும்பம் நடுரோட்டில. மாலதி, அதுதான் தம்பியின்ர மனுசி, அடுப்படியில நிண்டு சத்தமில்லாமல் அழுவா. தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான்.

நான் பைலைத் தூக்கிக்கொண்டு இன்சூரன்ஸ் கந்தோருக்குப் போனன். அங்க ஒரு இளம் உத்தியோகத்தர், மரியாதையான பெடியன். கண்ணாடி எந்தப் பக்கம் கொட்டுப்பட்டுக் கிடந்தது, ரத்தம் எங்க கிடந்தது, பிறேக் பிடிச்ச அடையாளம் எங்க எண்டு ஒவ்வொண்டாக் கேட்டார். படம் எடுத்தனீங்களா அன்ரி எண்டார். இல்லை, கழுவியாச்சு எண்டன். ஆர் கழுவினது எண்டார். நான்தான் கழுவச் சொன்னனான் எண்டன். அவர் பேனையை மேசையில வைச்சிட்டார். எங்கட வீட்டிலயும் அதைத்தான் செய்திருப்பினம் அன்ரி, ஆனால் கொம்பனிக்கு அதை எப்பிடி எழுதுறது எண்டார். பொலிஸ் கீறின படத்திலயும் வாகனங்கள் நகர்த்தப்பட்ட பிறகு எண்டுதான் எழுதியிருக்குது.

கண்ணால கண்ட சாட்சி ஆரும் இருக்கினமோ எண்டார். இருக்கினமோவோ. ஒரு ஊரே நிண்டது. நான் நாலு நாள் வெயிலுக்குள்ள அந்த ரோட்டில கடை கடையா ஏறி இறங்கினன். ஒருத்தர் என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டுச் சோடா உடைச்சுத் தந்தார். நானும் நாலு குடுத்தனான் அக்கா எண்டார், நெஞ்சை நிமித்திக்கொண்டு. அப்ப டிப்பர் எந்தப் பக்கம் நிண்டது எண்டு வந்து சொல்லுங்கோவன் எண்டன். முகம் மாறிட்டுது. தான் அண்டைக்கு அந்த இடத்திலயே இல்லையாம். சாட்சிக்கு வந்தால் ஆர் அடிச்சது எண்டும் கேள்வி வருமெல்லோ. இன்னொரு கடையில கமெரா இருந்தது, அது கல்லாப் பெட்டியைப் பாத்துக்கொண்டு இருந்தது. அடிக்க அத்தினை கை வந்தது, கையெழுத்து வைக்க ஒரு கை வரேல்லை.

ரெண்டாந்தரம் கந்தோருக்குப் போகேக்க முதலாளியின்ர ஆளும் அங்க இருந்தான். உங்கட தம்பி சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு வந்திருப்பார், கவனிச்சிருக்கமாட்டார் எண்டான். மேசையில கிடந்த தண்ணித் தம்ளர் அவன்ர காதுக்குப் பக்கத்தால போய்ச் சுவரில உடைஞ்சது. எறிஞ்சது நான்தான். காவலாளி வந்து என்னை வெளியால கொண்டுபோய் விட்டார். வாசலில நிண்டு அவரையும் பேசினன். அந்த மனுசனுக்கு என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கும்.

4

வீட்ட வந்து நிண்டு கத்தினன். ஒரு படம், ஒரே ஒரு படம் ஆரும் எடுக்கேல்லையோ எண்டு. அபி கட்டில் விளிம்பில இருந்தவள். விபத்து நடந்த நாளில இருந்து என்னோட ஒரு சொல்லும் கதைக்காதவள். பயந்திட்டாள் எண்டு நான் நினைச்சிருந்தனான்.

தன்னட்ட இருக்கெண்டாள். இடிபடேக்க போன் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம், கை அதை விடேல்லையாம்.

மூண்டு கிழமை. மூண்டு கிழமையா நான் தெருத் தெருவா நாய் மாதிரி அலையிறன், இவள் அதைச் சட்டைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு இருக்கிறாள். அறைஞ்சன். அவள் கன்னத்தைப் பொத்தேல்லை, அழவுமில்லை. "முழுக்கப் பாருங்கோ. பிறகு தாறன்" எண்டாள். போனை என்ர மடியில வைச்சிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போயிட்டாள்.

பாத்தன். முதல் கடல். தம்பியின்ர சிரிப்பு. பிறகு சத்தம், இருட்டு, வானம். பிறகு படம் ஆடி ஆடி நேர வருது, அபி இறங்கிட்டாள். எங்கட காரின்ர முன்சில்லு நல்லாத் தெரியுது, வெள்ளைக் கோட்டுக்கு உள்ள, எங்கட பக்கத்தில. டிப்பர்தான் கோட்டைத் தாண்டி வந்து நிக்குது. அந்தாள் டிப்பரில இருந்து குதிச்சு ஓடி வாறார். மான் பாஞ்சிட்டு, ஸ்டியரிங்கை வெட்டிட்டேன், என்ட பிழைதான் எண்டு சொல்லிக்கொண்டே வாறார். திருகோணமலை டவுணுக்குள்ள மான் திரியிறது உங்களுக்குப் புதினமில்லை. கதவைப் பிடுங்குறார், சேட்டைக் கழற்றிச் சுருட்டுறார். சுருட்டித் தம்பியின்ர தொடையில வைச்சு ரெண்டு கையாலயும் முழுப் பாரத்தோட அமத்துறார். முழிச்சிரிங்க தம்பி, முழிச்சிரிங்க எண்டு சொல்லுறார். ரத்தம் துள்ளுறது நிண்டுட்டுது.

பிறகு ஒரு பொம்பிளை வாறா, போத்திலோட.

எனக்கு அவவைத் தெரியேல்லை. அந்த முகத்தை நான் கண்ணாடியில ஒருநாளும் கண்டதில்லை. அவ அடிக்கிறா, அந்தாள் கையை எடுக்காமல் அடியை வாங்குறார். விரல் மடியுது, பிறகும் மற்றக் கையால அமத்துறார். கடைசியில அவ அவரைத் தலைமயிரில பிடிச்சு இழுத்து விழுத்துறா. சேட்டு நழுவிக் கீழ விழுகுது. ரத்தம் திரும்பவும் துள்ளுது. படத்தில தம்பி தனிய இருக்கிறான், பின்னால ஆக்களின்ர முதுகுகள். அபியின்ர குரல் கத்துது, அம்மா, காலை அமத்துங்கோ, காலை அமத்துங்கோ எண்டு. நோர்வேஜியனில கத்துறாள். பதட்டத்தில அவளுக்கு அந்தப் பாசைதான் வந்திருக்கு. அந்த ரோட்டில அது விளங்கக்கூடிய ஒரே ஆள் நான். நான் குனிஞ்சு நிண்டு அடிச்சுக்கொண்டிருக்கிறன். அபிதான் பிறகு ஒற்றைக் கையால அந்தச் சேட்டை எடுத்து வைக்கப் பாக்கிறாள். ஓட்டோ வருமட்டும் ரெண்டு நிமிசத்துக்கு மேல அப்பிடித்தான் ரத்தம் போகுது.

டாக்குத்தரிட்டப் போய்க் கேட்டனான், ரத்தம் போகாமல் இருந்திருந்தால் கால் தப்பியிருக்குமோ எண்டு. எலும்பு நொருங்கினதுதானே அம்மா, அப்பிடிச் சொல்ல ஏலாது எண்டார். தப்பியிராது எண்டு அவர் சொல்லேல்லை. தப்பியிருக்கும் எண்டும் சொல்லேல்லை.

அடுத்த நாள் நான் என்ன செய்தனான் தெரியுமோ. படத்தின்ர பிரதி ஒண்டை டவுணில ஒரு கடையில குடுத்து, நான் வாற இடத்துக்கு முன்னால வெட்டுவிச்சன். அதைக் கொண்டுபோய் அந்த உத்தியோகத்தரிட்ட மன்னிப்புக் கேட்டுக் குடுத்தன். அவர் பாத்தார். வெட்டின படத்தைக் கொம்பனி எடுக்காது அன்ரி எண்டார். முழுப்படமும் வேணும், எடுத்த போனும் வேணும். சனம் அடிச்சுத்தான் சாரதியைத் தன்ர பிழை எண்டு சொல்ல வைச்சது எண்டு முதலாளியின்ர ஆக்கள் ஏற்கெனவே எழுதிக் குடுத்திருக்கினமாம். பிறகு என்ன நடந்தது எண்டு கேட்டார். ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்தனான்.

5

அப்ப படமில்லாமல் காரியத்தை முடிக்க ஒரே வழிதான். அந்த றபீக்கே தன்ர பிழை எண்டு எழுதித் தரவேணும். போய்க் கெஞ்சுவம் எண்டு நினைச்சன். அபியும் வாறன் எண்டாள். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, பஸ்ஸில தோப்பூருக்குப் போனம்.

சந்தையில விசாரிச்சுத்தான் வீட்டைப் பிடிச்சது. அவர் முத்தத்தில பிளாஸ்ரிக் கதிரையில இருந்தவர். என்னைக் கண்டதும் எழும்பிட்டார். வலது கையில மூண்டு விரல் மடங்கேல்லை, புருவத்தில தையல் தழும்பு. அவற்ற மனுசி வாசலில நிண்டு என்னை மேலயும் கீழயும் பாத்தா. நான் ஆரெண்டு கேக்கத் தேவையில்லாமல் போச்சு. உள்ள போய், ரெண்டு பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வந்து வைச்சா. என்னைப் பேசித் தள்ளியிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

அவர் என்ர தம்பியைத்தான் முதல் கேட்டார். கால் எடுத்தது அவருக்குத் தெரியும். எந்த இடத்தில எண்டு கேட்டார், சொன்னன். கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். ஸ்டியரிங் பிடிக்க ஏலாதெண்டு முதலாளி வேலையால நிப்பாட்டிப்போட்டாராம். நிப்பாட்ட முதல், கார்தான் பிழை எண்டு எழுதின தாளில கையெழுத்து வாங்கினதாம். வலக்கை கட்டுப்போட்டிருந்ததால இடக்கையால வைச்சதாம்.

நான் வந்த விசயத்தைச் சொன்னன். உண்மையை எழுதித் தாங்கோ எண்டு கேட்டன். அவர் மறுக்கேல்லை.

"நான் எழுதித் தாறன் அக்கா. ஆனா என்ட பேச்சை ஒருத்தரும் எடுக்கமாட்டாங்க. அடிக்குப் பயந்து சொன்னதெண்டுதான் சொல்லுவாங்க. அந்தப் புள்ளட போனில இரிக்கிற படத்தைக் குடுங்க. நான் சொன்ன பொறவுதான் நீங்க அடிச்சிங்க. அது தெரியட்டும்."

அவருக்கு அந்தப் போன் ஓடினது தெரியும். அடி வாங்கேக்கயும் கண்டிருக்கிறார்.

எனக்கு விளங்கிட்டுது. நான் அடிச்சது படத்தில இருந்தால்தான் அவர் சொன்ன உண்மை உண்மையா நிக்கும். என்னை வெட்டினால் அவற்ற வாயும் வெட்டுப்படும், தம்பியின்ர காலுக்கு வரவேண்டிய காசும் போகும். குடுத்தால் எனக்கு வழக்கு வரும், நோர்வேயில வேலை போகும். அது போனாப் போகட்டும். எனக்குப் பயம் அதில்லை. அந்தப் படத்தை என்ர தம்பி பாப்பான். தன்ர தொடையை அமத்திப் பிடிச்ச கையை இழுத்து எறிஞ்சது ஆர் எண்டு பாப்பான். அதுக்குத்தான் பயம்.

என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு அவரிட்டச் சொன்னன். அவர் தன்ர விரல்களைப் பாத்தார். பாப்பம் எண்டார். மனுசி வந்து வெறும் கோப்பையளை எடுத்துக்கொண்டு போனா.

6

நடந்து முடிஞ்சதைச் சுருக்கமாச் சொல்லுறன். படத்தை முழுசாக் குடுத்தன், இன்சூரன்சுக்கும் பொலிசுக்கும். றபீக் வந்து, மானுக்காக டிப்பரை வெட்டித் திருப்பினது தான்தான் எண்டு உண்மையைச் சொன்னார். தம்பிக்குக் கிடைக்க வேண்டியது கிடைச்சது. இப்ப வீட்டோட ஒரு சின்னக் கடை வைச்சிருக்கிறான். எனக்கு வழக்கு வந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டன். றபீக்கின்ர கைக்கு என்ன செய்ய வேணுமோ அதை நான் செய்யிறன், அது முடியிற காரியமில்லை. இஞ்ச வந்து மேலாளரிட்ட நானே போய்ச் சொன்னன். ஒருத்தரும் என்னைப் பேசேல்லை. வேலைப் பட்டியலை மாத்தி விட்டினம். இப்ப இல்லத்தின்ர நிலக்கீழ் அறையில துணி தோய்க்கிறன். வயசாளியளைத் தொடுற வேலை இனி எனக்கில்லை. அபி வேற பட்டினத்தில படிக்கிறாள். மாமாவோட கிழமைக்கு ரெண்டு தரம் கதைக்கிறாளாம். எனக்கு எப்பவாவது எழுதுவாள்.

கடைசியாச் சொல்ல வைச்சது, படத்தைக் குடுக்க முதல் நாள் நடந்தது. அதைத்தான் ஊரில ஒருத்தரும் சொல்லுறதில்லை, ஏனெண்டால் அது தம்பிக்கும் எனக்கும் அபிக்கும் மட்டும்தான் தெரியும்.

பொலிசில பாத்து அவன் அறியக் கூடாது, நானே காட்ட வேணும் எண்டு முடிவெடுத்தன். பத்து மணி வெயில் யன்னலால விழுந்துகொண்டு இருந்தது. மாலதி சந்தைக்குப் போட்டா. தம்பி தலகாணியில சாய்ஞ்சு இருந்தான், இடுப்புக்குக் கீழ வெள்ளைத் துணி மூடி. அபி போனைக் கொண்டுவந்து அவன்ர கையில குடுத்திட்டுப் பக்கத்தில நிண்டாள். நான் கட்டிலுக்கு முன்னால நிண்டன். எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கடல், சிரிப்பு, இடி, முழிச்சிரிங்க தம்பி, பிறகு என்ர தூசணம்.

அவன் முடிவு மட்டும் பாத்தான். போனைத் திருப்பி அபியிட்டக் குடுத்தான். முகத்தில ஒரு மாற்றமுமில்லை.

"எனக்குத் தெரியும் அக்கா. நான் முழிச்சுத்தான் இருந்தனான்."

ஒண்டரை மாசமாத் தெரிஞ்சுகொண்டே படுத்திருக்கிறான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது அதுக்குத்தான். அபியின்ர போன் ஓடினதும் அவனுக்குத் தெரியும், ஒருநாளும் அதைக் கேக்கேல்லை. இன்சூரன்ஸ் வராட்டிலும் பரவாயில்லை எண்டு இருந்திருக்கிறான். அப்பவும் எனக்குக் கோபம்தான் முதல் வந்தது, பாருங்கோ. ஏன்ரா சொல்லேல்லை எண்டு அவனையும் கத்தினனான்.

"சொன்னால் கால் வருமே? அக்காவும் இல்லாமல் போயிடுவியள்."

அப்பிடியே குனிஞ்சு அவன்ர ரெண்டு காலையும் கட்டிப் பிடிச்சன், எங்கட ஆக்கள் மன்னிப்புக் கேக்கிற மாதிரி. ஒரு கைக்குப் பாதம் வந்தது. மற்றக் கைக்குத் துணி மட்டும்தான் வந்தது.